ராக்கெட் குழாய்க்குள் இருக்கும் வட்டத் தட்டை யாரும் பார்ப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டிய பிறகு, நம் தென் மாவட்டப் பிள்ளைகளுக்கு ராக்கெட் அக்கம்பக்கத்துச் சமாச்சாரம் ஆகிவிட்டது. பள்ளி, கல்லூரி மாணவர்கள் தாங்கள் செய்த மாதிரி ராக்கெட்டோடு நிற்கும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. கூம்பும் துடுப்பும் வண்ணமும் படத்தில் தெரியும். அந்த ராக்கெட் திரும்பி முழுசாக வருமா என்பதைத் தீர்மானிக்கும் பொருள் மட்டும் தெரியாது. குழாய்க்குள் குறுக்கே அடைத்து நிற்கும் வட்டத் தட்டு அது. பல்க்ஹெட் என்பார்கள். எந்தப் பொருளில் அதைச் செய்வது என்று எழுதத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதன் வேலை இரண்டு. பாராசூட்டை வெளியே தள்ளும் வாயு எலெக்ட்ரானிக்ஸ் இருக்கும் அறைக்குள் போகாமல் அடைத்து நிற்க வேண்டும். பாராசூட் விரியும்போது கயிறு இழுக்கும் இழுப்பையும் தாங்க வேண்டும். சித்திரைத் தேர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வடம் பூட்டிய இடம் பலமாக இருந்தால்தான் நகரும். ராக்கெட்டில் வடம் பூட்டும் இடம் இந்தத் தட்டு.

முதலில் பாரத்தைக் கணக்குப் போட்டுவிட வேண்டும். வாயு அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். 38 மி.மீ. குழாயில் தட்டின் பரப்பு சுமார் 11 சதுர செ.மீ., ஆக 11 கிலோ. 98 மி.மீ. குழாயில் 75 கிலோ. 150 மி.மீ. குழாயில் 177 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் பாரம் நான்கு மடங்கு. சின்ன ராக்கெட்டில் ஒத்துவந்த தட்டை அதே கனத்தில் பெரிய ராக்கெட்டுக்கும் வெட்டிப் போடுவதில்தான் முதல் தவறு நடக்கிறது. கயிற்றின் இழுப்பு வேறு கணக்கு. உச்சியில் வேகம் அடங்கிய கணத்தில் பாராசூட் விரிந்தால் இழுப்பு குறைவு. சில வினாடி தாமதித்து, ராக்கெட் கீழ்நோக்கி வேகம் பிடித்த பிறகு விரிந்தால் பல மடங்கு. அதனால் ராக்கெட் எடையைப் போல் 50 மடங்கு தாங்கும்படி செய்வது பாதுகாப்பான பழக்கம். 3 கிலோ ராக்கெட் என்றால் 150 கிலோ, அதாவது மூன்று சிமெண்ட் மூட்டை.

இனி முக்கியமான விஷயம். தட்டு நடுவில் இரண்டாக உடைவது அபூர்வம். ஒட்டிய இடம் விடுகிறது, இல்லையென்றால் துளைத்த இடம் கிழிகிறது. விழுந்த ராக்கெட்டை எடுத்து வந்தால் தட்டின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிப் பழுப்புக் காகிதத் தோல் பஞ்சு பஞ்சாக ஒட்டியிருந்தால் பசை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. அட்டைக் குழாயின் உள்தாள்தான் உரிந்து வந்துவிட்டது. பசை கண்ணாடி போல வழவழவென்று பளபளத்தால் அது ஒட்டவே இல்லை. உப்புத்தாள் போடவில்லை அல்லது எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கிறது. தட்டு குழாயிலேயே நின்று, கயிறு பூட்டிய போல்ட் மட்டும் மரத்தூளோடு பிய்த்துக்கொண்டு போயிருந்தால் வாஷர் சிறிது. முதல் இரண்டு நிலைமையில் தட்டை இன்னும் கனமாக்குவதால் பெரிய பயன் இல்லை. மூன்று நிலைமையிலும் அலுமினியத்துக்கு மாறத் தேவையே இல்லை. எது போயிற்று என்று பார்த்துவிட்டுத்தான் பொருளை மாற்ற வேண்டும்.

பெரும்பாலான ராக்கெட்டுகளுக்கு நல்ல பிளைவுட் போதும். வெளிநாட்டில் பர்ச் மரத்து ஏர்கிராஃப்ட் பிளை போடுகிறார்கள். அது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை போடலாம். கடையில் 'கமர்ஷியல்' என்று தருவது பொதுவாக ஐ.எஸ். 303 எம்.ஆர். ரகம். அதன் பசை ஈரத்தை ஓரளவுதான் தாங்கும். மரைன் பிளையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக் கூடாது என்பது விதி. முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு சின்னத் துண்டை ஒரு மணி நேரம் வேகவைத்துப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது விளிம்பை. 6 எம்.எம். பிளையில் மூன்று அடுக்கும் வரும், ஐந்து அடுக்கும் வரும். மூன்றடுக்கில் மேலும் கீழும் தாள் போல மெல்லிய முகம், நடுவில் தடித்த ஒரே மரம். அது ஒரு திசையில் பலம், மறு திசையில் பிளக்கும். ஐந்தடுக்கு கேளுங்கள். விளிம்பில் கறுப்புப் பொந்து தெரிந்தால் உள்ளேயும் பொந்து இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போனால் பொந்து உள்ள இடத்தில் சத்தம் மாறும். போல்ட் துளை அந்தப் பொந்தின் மேல் விழுந்தால் நட்டை முறுக்கும்போதே முகம் உள்ளே அமுங்கும். எட்டுக்கு நாலு பலகை முழுசாக வாங்க வேண்டியதில்லை. உள்வேலை நடக்கும் வீட்டில் ஆசாரியிடம் கேட்டால் வெட்டுத்துண்டு கிடைக்கும். ஒரு சாண் துண்டில் இரண்டு, மூன்று தட்டு வந்துவிடும்.

நல்ல 6 எம்.எம். கிடைக்கவில்லையென்றால் இரண்டு 3 எம்.எம். தட்டை, ஒன்றின் நார் மற்றதற்குக் குறுக்கே வரும்படி, முழுப் பரப்பிலும் பசை தடவி ஒட்டி, இரவு முழுக்கப் பாரம் வைத்து அழுத்துங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒட்டாமல் சும்மா அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்குதான். ஒன்றாக ஒட்டினால் எட்டு மடங்கு. வளையாமை கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுவதே காரணம். அதனால் நான்கு மூலையில் பசைப் பொட்டு வைத்து ஒட்டுவது வீண்.

எந்த அளவுக்கு எது? 25 மி.மீ. விட்டத்தை ஒட்டிய சின்ன ராக்கெட்டுக்குத் தட்டே வேண்டாம். கயிற்றைத் தாளில் வைத்து மூன்றாக மடித்து, குழாயின் உள்சுவரில் பெவிகால் போட்டு ஒட்டினால் போதும். 40 முதல் 66 மி.மீ. வரை 3 எம்.எம். பிளை. 75 முதல் 98 மி.மீ. வரை 6 எம்.எம். அதற்கு மேலே, அல்லது ராக்கெட் 5 கிலோவைத் தாண்டினால், 12 எம்.எம். பிளை அல்லது 3 எம்.எம். கிளாஸ் எபாக்ஸி (கண்ணாடி இழையும் பசையும் சேர்ந்த தகடு). பால்சா மரம் கூம்பை அடைக்கும் கட்டைக்குச் சரி. அதில் திருகிய கொக்கி நாலைந்து முறை பறந்ததும் தளர்ந்து கையோடு வந்துவிடும். பால்சாவே போட்டாக வேண்டும் என்றால் கொக்கியைக் கழற்றி, துளைக்குள் பசை விட்டு, மறுபடி திருகிக் காயவிடுங்கள்.

இப்போது லேசர் கட்டிங் கடைக்குப் போய் வரைபடம் கொடுத்தால் கச்சிதமாக வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். சௌகரியம்தான். ஆனால் அங்கே கைவசம் இருப்பது எம்.டி.எஃப்.-உம் அக்ரிலிக்கும். மரைன் பிளையின் பினாலிக் பசை அந்தச் சின்ன லேசருக்குச் சுலபத்தில் வெட்டுப்படாது, விளிம்பு கருகும். அதனால் மாணவர்கள் எம்.டி.எஃப்.-ஐயே வாங்கி வந்துவிடுகிறார்கள். எம்.டி.எஃப்.-இல் நீள நார் இல்லை, பொடிப்பொடியான மரநாரும் பசையும்தான். 98 மி.மீ. தட்டு 6 எம்.எம்.-இல் வெட்டினால் சுமார் 34 கிராம். பிளை சுமார் 31 கிராம். எடையிலும் லாபம் இல்லை. போல்ட் துளையைச் சுற்றி அது இரண்டு தாளாகப் பிளக்கும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் கிடந்தால் விளிம்பு உப்பி, குழாய்க்குள் நுழையாது. அக்ரிலிக் பார்க்க அழகு. ஆனால் துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓர் உலுக்கலில் நட்சத்திரமாக விரியும். தயவுசெய்து இரண்டையும் கயிறு பூட்டும் இடத்தில் வைக்காதீர்கள். லேசரில் பிளை வெட்டினாலும், கருகிய விளிம்பை மரநிறம் தெரியும்வரை தேய்த்த பிறகே ஒட்ட வேண்டும். கரி மேல் பசை நிற்காது.

3டி பிரிண்டரில் செய்த தட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டைப் படுக்கவைத்து அச்சிட்டால், அடுக்குகள் பிரியும் திசையும் கயிறு இழுக்கும் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. அதைவிட மோசம் நம் ஊர் வெயில். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளகும். கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். நட்டு முறுக்கிய இடம் அமுங்கி, ஏவுமிடம் போய்ச் சேருமுன்பே தளர்ந்திருக்கும். பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக் 80 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். உயரம் அளக்கும் ஆல்டிமீட்டரைத் தாங்கும் உள்தட்டுக்கு அதை வைக்கலாம். இழுப்பு வரும் தட்டுக்குப் பிளையே வைக்க வேண்டும்.

கிளாஸ் எபாக்ஸி தகடு, அதாவது ஜி10 அல்லது எஃப்.ஆர்.4, பலமான பொருள். மோட்டார் காயில் கட்டுவதற்கான சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது கவனம். 'ஹைலம்' என்று அங்கே தரும் காவி நிறத் தகடு காகிதமும் பினாலிக் பசையும் சேர்ந்தது. மொறுமொறுவென்று ஓரம் உதிரும். வெளிர்பச்சையாக, விளிம்பில் கண்ணாடி நெசவு தெரிவதுதான் நமக்கு வேண்டியது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டுக்கு விற்கும் 1.6 எம்.எம். செம்புத் தகடு ஒட்டிய பலகையும் எஃப்.ஆர்.4-தான், காவி நிறத்தது தவிர. இரண்டை ஒட்டினால் 3.2 எம்.எம். ஆனால் செம்பை முழுக்க உரித்துவிட்டு ஒட்ட வேண்டும். செம்பின் மேல் ஒட்டினால் இழுப்பில் செம்புத் தாளே உரிந்து வரும். 98 மி.மீ. தட்டு 3 எம்.எம்.-இல் சுமார் 42 கிராம் வரும். இதை லேசரில் வெட்டக் கூடாது, புகை நஞ்சு. டிரில்லில் வட்டமாக வெட்டும் ஹோல் சா மாட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டு, முகக்கவசம் போட்டு வெட்டுங்கள். கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஹோல் சா நடுவில் விடும் 6 எம்.எம். துளை, தலையில் வளையம் உள்ள ஐ போல்டுக்கு அப்படியே பயன்படும்.

அலுமினியம் 3 எம்.எம்.-இல் அதே தட்டு 61 கிராம். மாதிரி ராக்கெட்டில் இதற்கு இடமே இல்லை. அமெரிக்கத் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதி, மாதிரி ராக்கெட்டின் கூம்பு, உடல், துடுப்பு எல்லாம் எடை குறைந்த, உலோகமல்லாத பொருளாக இருக்க வேண்டும் என்கிறது. உயர்சக்தி ராக்கெட்டுக்கும் காகிதம், மரம், பிளாஸ்டிக், கண்ணாடி இழை போன்றவைதான்; வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் வளையும் தன்மையுள்ள உலோகம். தலைக்கு மேல் பறக்கும் பொருளுக்கு எழுதிய விதி என்பதை நினைவில் வைத்தால் காரணம் புரியும்.

ஒட்டும் முறைக்கு வருவோம். 98 மி.மீ. குழாயில் 6 எம்.எம். தட்டின் விளிம்புப் பரப்பு வெறும் 18 சதுர செ.மீ. சொச்சம். 150 கிலோவையும் இது மட்டுமே தாங்க வேண்டும் என்று விடுவது தப்பு. குழாய்க்குள் சரியாக நுழையும் கப்ளரில் (இரண்டு குழாயை இணைக்கும் உள்குழாய்) 25 மி.மீ. நீளத்துக்கு ஒரு வளையம் வெட்டி, தட்டை ஒட்டிய பிறகு, கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்தில் தட்டோடு நெருக்கி ஒட்டுங்கள். வளையத்தின் ஒட்டுப் பரப்பு 77 சதுர செ.மீ., நான்கு மடங்கு. இழுக்கும்போது தட்டு வளையத்தின் மேல் போய் உட்காரும். மறுபக்கத்தில் வைத்தால் கயிற்றின் இழுப்புக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. நிறையப் பேர் அங்கேதான் வைக்கிறார்கள், காரணம் அந்தப் பக்கம் கை எளிதாக எட்டும்.

தட்டு குழாய்க்குள் லேசான உரசலோடு இறங்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் தடவிய பசையையெல்லாம் வழித்துத் தள்ளிவிடும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் பசை ஒழுகிவிடும். பசையைத் தட்டின் விளிம்பில் தடவாதீர்கள். தட்டு நிற்கப் போகும் இடத்துக்குச் சற்று முன்பாகக் குழாய்ச் சுவரில் வளையமாகத் தடவுங்கள், குச்சியில் ஆழத்தைக் குறித்துக்கொண்டு தட்டைத் தள்ளுங்கள். பசை முன்பக்கம் தானாகத் திரளும். பின்பக்கம் இன்னொரு வளையம் விட்டு, குழாயை நிமிர்த்தி நிறுத்திக் காயவிடுங்கள். அட்டைக் குழாய் என்றால் உள்ளே 80-ம் நம்பர் உப்புத்தாள் போட்டு வழவழப்பைப் போக்க வேண்டும். அட்டையும் மரமும் சேர்வதற்குப் பெவிகால் மரைன் போதும். கண்ணாடி இழைக் குழாய்க்கு அது ஆகாது, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அங்கே எபாக்ஸிதான். அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் வேண்டாம், மெதுவாக இறுகும் ஆரல்டைட் ரகம். ஒரு நாள் முழுக்க ஆறவிட வேண்டும். வீட்டுச் சூட்டில் இறுகும் எபாக்ஸியும் கடும் வெயிலில் இளகும் என்பதால், ஏவும்வரை ராக்கெட்டை நிழலில் வையுங்கள்.

போல்ட் விஷயத்தில் இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கக் கூடாது. கம்பியை வளைத்துச் செய்த ஐ போல்டின் கண் முழுக்க மூடியிருக்காது; இழுப்பில் கண் விரிந்து கயிறு நழுவும். லேத் பட்டறையில் கொடுத்து இடைவெளியை வெல்டிங் வைத்து வாங்குங்கள். அதைவிட நல்லது யு போல்ட். அரை இஞ்ச் பைப்பைச் சுவரில் பிடிக்க பிளம்பிங் கடையில் விற்பது. இரண்டு கால் இருப்பதால் சுற்றிக்கொண்டு கழலாது, பாரமும் பிரியும். தட்டின் இரு பக்கமும் நட்டு, ஆக நான்கு நட்டு, கீழே குறுக்குப் பட்டை. ஐ போல்டே போடுவதானால் 6 எம்.எம். போல்டோடு வரும் 12 மி.மீ. வாஷரை விட்டுவிட்டு 25 மி.மீ. பெரிய வாஷர் போடுங்கள். துளை போக மரத்தை அழுத்தும் பரப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. அதிர்வில் கழலாத நைலாக் நட்டு அவசியம்.

எலெக்ட்ரானிக்ஸ் அறையின் இரு மூடிகளை மட்டும் ஒட்டவே கூடாது, திறந்து மூட வேண்டியவை. ஒவ்வொரு மூடியும் இரண்டு தட்டு சேர்ந்தது. ஒன்று கப்ளரின் உள்விட்டம், மற்றது வெளிவிட்டம். அதனால் படி போல விளிம்பில் உட்காரும். இரண்டு மூடியையும் 6 எம்.எம். திரெட் ராடு (முழு நீளமும் மரை வெட்டிய கம்பி) இரண்டு ஊடுருவிக் கோக்கும். மேல்கயிறு இழுத்தால் இழுப்பு ராடு வழியாகக் கீழ்மூடிக்குப் போய்விடுகிறது. பசைக்கு வேலையே இல்லை. இங்கே ஒரே ஆபத்து வயர் போகும் துளை. அதை அடைக்காமல் விட்டால் வாயு உள்ளே புகுந்து அழுத்தம் ஏறும். ஆல்டிமீட்டர் அழுத்தத்தை வைத்துத்தான் உயரம் சொல்கிறது. அழுத்தம் ஏறினால் தரை நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, தரைக்குப் பக்கத்தில் விரிய வேண்டிய பெரிய பாராசூட்டை உச்சியிலேயே திறந்துவிடக் கூடும். புகைக்கரி சர்க்யூட்டையும் அரிக்கும். ஒரு உருண்டை எம்-சீல் போதும், மறக்காமல் வைக்க வேண்டும்.

பறக்கவிடும் முன் தொங்கவிட்டுப் பாருங்கள். அதே குழாயின் ஒரு அடித் துண்டில் அதே முறையில் தட்டை ஒட்டி, குழாயின் மேல்முனையில் குறுக்காகக் கம்பி செருகி உத்தரத்தில் மாட்டி, போல்டில் சிமெண்ட் மூட்டையைக் கட்டுங்கள். தரையிலிருந்து நாலு விரற்கடை உயரம் போதும், அடியில் காலை வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தொங்கினால் அடுத்த மூட்டை. கம்பி செருகிய துளை கிழிந்தால் அது தட்டின் குற்றம் இல்லை, அங்கே உள்ளே கப்ளர் வைத்து மறுபடி செய்ய வேண்டும்.

மோட்டாரையும் வெடிமருந்தையும் பற்றி இங்கே எழுதவில்லை. அவை 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. சிவகாசி பக்கத்தில்தானே இருக்கிறது என்று வீட்டில் கலந்து பார்ப்பது உயிருக்கு உலை. பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர் ராக்கெட்டில் தொடங்கலாம். பாராசூட் அறைத் தட்டு, போல்ட், கயிறு எல்லாப் பாடமும் அதிலேயே கிடைக்கும்.

அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராக்கெட் மாதிரி வந்தால் கூம்பைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தட்டு எந்தப் பொருள், வளையம் எந்தப் பக்கம், எத்தனை மூட்டை தாங்கியது என்று கேளுங்கள். பதில் சொல்லும் பிள்ளைக்கு, வண்ணம் மங்கலாக இருந்தாலும், முழு மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருநகர், மதுரை